பக்கத்து சீட்டு

கோயமுத்தூர் மில் முதலாளி ரங்கராஜுலுவிடம் முப்பது வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. ரேஸுக்குப் பத்து நாள் இருக்கையில் அதன் இன்ஜின் புகை கக்கியது. அவர் இடத்தில் ஷெட் போட்டிருந்த மெக்கானிக் ஆறுச்சாமி பிரித்துப் பார்த்தார்.

"ரிப்பேர் பண்ணுனா பழையபடி ஓடுமுங்க."

"பழையபடி யாருக்கு வேணும்? சிலிண்டரைக் குடைஞ்சு பெருசாக்கு, வேகம் கூடணும். முடியாதுன்னா ஷெட்டைக் காலி பண்ணு."

சிலிண்டர் சுவர் ஏற்கெனவே தேய்ந்து மெலிந்திருந்தது. இன்னும் குடைந்தால் ஓடும்போதே வெடிக்கும். அதைச் சொல்லியும் முதலாளி கேட்கவில்லை. பத்தொன்பது வருஷம் பிழைப்பு நடத்திய ஷெட்டை ஆறுச்சாமி ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"சரிங்க, பெருசாக்கிடறேன். முதல் ஓட்டத்துல நீங்களும் பக்கத்து சீட்டுல உட்காரோணும்."

"நான் எதுக்கு? வெடிச்சுதுன்னா?" என்று முதலாளி வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

ரேஸில் ஓட்டவேண்டிய டிரைவர் மயில்சாமி அங்கேதான் நின்றிருந்தான். கார் சாவியை எடுத்து பானெட் மேல் வைத்தான்.

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "ரிப்பேரே பண்ணித் தொலை."

ஆறு நாளில் வண்டி அருமையாக ஓடியது. அன்று சாயங்காலமே ஷெட்டில் வேறு பூட்டு தொங்கியது, மயில்சாமிக்கும் வேலை போயிற்று. இருவரும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள்.

"இனி எங்கீங்கண்ணா போறது?" என்று மயில்சாமி கேட்டான்.

வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த ஆறுச்சாமி, பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினார்.