நாலாம் பிறையப் பாத்தவ

இல்ல பெரியம்மா, நான் யாரையும் கெடுக்கல. சாயங்காலம் தேனுவ மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன், நாலாம் பிறையக் காட்டினேன், ஒத்துக்கறேன். அதப் பாத்தா வீண்பழி வரும், அதனாலதான் ஊறுகாய் ஜாடி ஒடஞ்ச பழி அவ மேல வந்துச்சுங்கறீங்க. பூனையோட எண்ணெய்க் காலடி ஜன்னல் வரைக்கும் போயிருக்கே, அதப் பாத்தீங்களா? பாக்கல. சரி, அந்த ரூம்லேர்ந்தே கேட்டுக்குங்க. புள்ள அழுதுட்டுப் படுத்திருக்கு, நான் கதை சொல்லணும்.

தேனு, இந்தப் பக்கம் திரும்பு. மூக்கத் தொடச்சுக்க. நடுநடுவுல ம் கொட்டணும், சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு வானம். அந்த வானத்துல, இதே மாதிரி ஒரு கார்த்திகை மாசம், நகத்த வெட்டிப் போட்ட மாதிரி ஒரு பிறைப் பொண்ணு. மூணாம் நாள் அவ மேக்க எட்டிப் பாத்தா. அவ்ளோதான், ஊரே தடதடதடன்னு வாசலுக்கு ஓடி வந்துச்சு. கும்பிடறாங்க, கன்னத்துல போட்டுக்கறாங்க, கொழந்தையத் தூக்கிக் காட்டறாங்க. பிறைக்கு ஒரே வெக்கம்.

அப்புறம் மறுநாள். இன்னும் கொஞ்சம் சதை போட்டு, இன்னும் அழகா வந்து நின்னா. கீழ பாத்தா, அவள அண்ணாந்து பாக்க ஒரு ஆள் இல்ல. டப், டப், டப். எல்லா ஜன்னலும் சாத்தியாச்சு.

அவ பக்கத்துல மூக்குத்தி மாதிரி மின்னிக்கிட்டு இருந்தா வெள்ளி. இன்னைக்கு நாம பாத்தோமே, அந்த வெள்ளிதான். "என்னடி, மொகம் செத்துப்போச்சு?"ன்னா.

"நேத்து வந்தவளும் நான்தானே அக்கா. இன்னைக்கு ஏன் ஒளிஞ்சுக்கறாங்க?"

"நாலாம் பிறையப் பாத்தா பழி வருமாம். அது கெடக்கட்டும். மலைக்குப் பின்னாடி நீ எறங்கறதுக்குள்ள ஒரு கண்ணாவது ஒன்னப் பாக்கணும். இல்லேன்னா நீ வளர முடியாது. இப்படியே நகமாத்தான் நிக்கணும்."

பிறைக்குப் பக்குனு ஆயிடுச்சு. ஏன்னா கெழக்க ஆறு அக்காங்க அவளுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. கார்த்திகைப் பொண்ணுங்க, மல்லிகப்பூ கொத்து மாதிரி ஒட்டிக்கிட்டே நிப்பாங்க. முழு நிலாவா அவங்ககிட்டப் போய்ச் சேந்தாத்தான் ஊர்ல தீபம். அது ஊருக்கும் தெரியும் தேனு. ஆனா ஒவ்வொருத்தரும், வேற எவனாவது பாத்துக்கட்டும், நமக்கெதுக்குப் பழின்னு இருந்துட்டாங்க.

ம்.

அப்போ பிறை மொதல்ல ஊர்த் தலைவர் வீட்டுக்கு மேல போய் நின்னா. "ஐயா, ஒரே ஒரு தடவ." அவரு போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டாரு. கொர்ர்ர். பொய்க் கொறட்ட.

அப்புறம் வாத்தியாருகிட்டப் போனா. பசங்களுக்கு நிலாவப் பத்திப் பாடம் எடுக்கறவரு அவரு. தெருவுல நடந்துக்கிட்டு இருந்தவரு சடக்னு கொடைய விரிச்சுட்டாரு. மழையும் இல்ல, வெயிலும் இல்ல.

அப்புறம் ஒரு மாடு. அது பாவம், ஒரு வம்புக்கும் போகாது, மெதுவா தலையத் தூக்குச்சு. மாட்டுக்காரர் பாஞ்சு வந்து அது கண்ணத் துண்டால கட்டிட்டாரு. மாட்டு மேல எந்த ஊர்ல தேனு பழி போடுவாங்க?

சிரிக்காத, தூக்கம் கலஞ்சுரும்.

பிறை சர்ர்ருனு எறங்கறா. மலை தொட்டுருச்சு. அழுகையே வந்துருச்சு அவளுக்கு. அப்போ கெணத்தடியில ஒருத்தி தனியா ஒக்காந்திருந்தா. மருக்கொழுந்துன்னு பேரு. ஊர்ல எது நடந்தாலும் பழி அவ மேலதான். பூன பாலக் குடிச்சா கொழுந்து, கதவு மூடாததால. மழை வரலன்னா கொழுந்து, துணி காயப் போட்டதால. அன்னைக்கு வாளிக் கயிறு அறுந்து விழுந்துச்சு. அதுக்கும் கொழுந்துதான்.

ஜன்னலுக்குள்ளேர்ந்து யாரோ கத்தறாங்க, "ஏய் கொழுந்து, மேல பாக்காத, பழி வந்துரும்."

அவளுக்கு களுக்னு சிரிப்பு வந்துருச்சு. இனிமே வர்றதுக்கு எந்தப் பழி பாக்கி இருக்கு? நல்லா அண்ணாந்து, கண்ணு நெறையப் பாத்தா.

"ஒனக்குப் பயமா இல்லையாடி?"ன்னு கேட்டா பிறை.

"எனக்கென்ன பயம். ஊர்ப் பழி மொத்தமும் எங்கிட்டதான் இருக்கு. நீ போய் நல்லா சாப்பிட்டுப் பெருசாகு."

அவ்ளோதான். மறுநாள் பிறை கொஞ்சம் குண்டானா. அப்புறம் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு சாயங்காலமும் கெழக்க கெழக்க நகந்து, பாதி தோசையாகி, முழு தோசையாகி, ஒரு நாள் பொழுது சாயறப்போ அந்த ஆறு அக்காங்களோட கை கோத்துக்கிட்டு பளீர்னு எழுந்து வந்தா. நீயும் பாக்கலாம், இந்த மாசம் தீபத்தன்னைக்கு. நிலா வெளிச்சத்துல ஆறும் மங்கலாத் தெரியும், கண்ண இடுக்கிக்கிட்டுப் பாக்கணும்.

ம்...

அகல் விளக்கெல்லாம் எண்ணெய் ஊத்தி ரெடி. தலைவர் கேட்டாரு, "யாரும் பாக்காம இது வளந்திருக்காது. அன்னைக்கு நாலாம் பிறையப் பாத்தது யாரு?"

ஊருக்குத்தான் பழக்கமாச்சே. அத்தன வெரலும் ஒண்ணா நீண்டுச்சு. "இவதான். இந்தக் கொழுந்துதான்."

கொழுந்து நிமிந்து நின்னா. "ஆமா. நான்தான்."

மொத மொதலா ஊரு சொன்னது நெசமாப் போச்சு. நீட்டின வெரல மடக்கவும் தெரியல அவங்களுக்கு. அப்போ அந்த மாடு ம்ம்மான்னுச்சு. வாத்தியாரு சிரிச்சுட்டாரு, அப்புறம் ஊரே கொல்லுனு சிரிச்சுது. தலைவர் திரியக் கொண்டாந்து கொழுந்து கையில குடுத்தாரு. மொத வெளக்கு அவ ஏத்தினா. அப்புறம்தான் மத்த வெளக்கெல்லாம். குபுகுபுனு ஊரே வெளிச்சம்.

நிலா நெறஞ்சுது, கதையும் நெறஞ்சுது. கண்ண மூடு தேனு.

தூங்கிட்டா.

பெரியம்மா, நீங்க தூங்கலன்னு எனக்குத் தெரியும், கொறட்டச் சத்தம் வரல. நாளைக்கு சாயங்காலம் அஞ்சாம் பிறை பாக்க மூணு மாடிக்காரங்களும் மேல வருவாங்க. அத்தன பேருக்கும் நடுவுல நின்னு எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்க. ஜாடிய ஒடச்சான்னு இந்தப் புள்ள மேல பழி போட்டது யாரு, அந்த நிலாவா, நீங்களா?