கழலாத காட்டர் பின்

"டாக்டரம்மா, பேசாம ரம்பத்த வச்சு அறுத்துப் போட்டுரவா?"

பல் வலிக்கு வந்தவரு கேக்குற கேள்வியா இது? ஆவுடையப்பன் அண்ணாச்சி டோக்கன் வாங்கி, வரிசையில உக்காந்து, உள்ள போய் நாற்காலியில சாஞ்சு, வாயத் தொறந்ததும் கேட்டது இதுதான்.

பாளையங்கோட்டையில பழைய சைக்கிள் பைத்தியம் பிடிச்ச யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும் கடைசியில போய் நிக்கிறது பல் டாக்டர் ஹெப்சிபாகிட்டதான். முப்பது வயசுகூட ஆகல. ஆனா துருவா அவங்க மாடிக்கு ஏறி, கண்ணாடியா எறங்கிப் போன வண்டிங்கள நீங்க பாத்திருக்கணும். எங்க கூட்டத்துல அவங்களுக்குப் பேரே குருதான். அவங்க அப்பா வயசு அண்ணாச்சிக்கு. அவரும் குருன்னுதான் சொல்லுவாரு. நேர்ல மட்டும் டாக்டரம்மா.

"எத அறுக்கணும்?"

"காட்டர் பின்ன."

பெடல் தண்ட நடு அச்சோட சேத்துப் பிடிச்சு வைக்கிற ஆணி அது. சுண்டுவிரல் தண்டிகூட இருக்காது. ஆணி வராம தண்டு வராது, தண்டு வராம அச்சு வராது, அச்சு வராம பெயிண்ட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது. நாகர்கோவில் இரும்புக் கடையில கண்டெடுத்த இங்கிலாந்து வண்டி, என்ன ஒரு வண்டி தெரியுமா அது, மாசக்கணக்கா முற்றத்துல எலும்புக்கூடா நிக்குது.

அண்ணாச்சி போன்ல போட்டோ காட்டினாரு. ஆணியோட தலை நசுங்கி, காளான் மாதிரி விரிஞ்சு கெடந்துச்சு.

"தட்டினீங்களா அண்ணாச்சி?"

"தெனமும் தட்டுதேன். மெதுவாத்தான். பழைய வண்டி பாருங்க, வலிச்சிரக் கூடாதுல்லா."

டாக்டர் போன அந்தப் பக்கம் வச்சுட்டு, வந்ததுக்கு வாயையும் பாத்துருவோம்னு லைட்ட எறக்கினாங்க. பாத்துகிட்டே இருந்தாங்க.

"ராத்திரி பல்லக் கடிக்கிறீங்க. கடவாப்பல்லு பூரா தேஞ்சு போச்சு. யாரு மேல கோவம்?"

"ஆணி மேல."

டாக்டர் லைட்ட அணைச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன், அதுவரைக்கும் ஒரு தட்டு தட்டக் கூடாதுன்னாங்க.

ஞாயித்துக்கிழமை வந்தாங்க.

கேட்டுல ரெண்டு பூட்டு தொங்குச்சு. கீழ அண்ணாச்சி குடும்பம், மாடியில தம்பி கோமதிநாயகம் குடும்பம். ஒரே கேட்டு, ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கு ரெண்டு சாவி. ஒருத்தரு கடைக்குப் போகணும்னா ரெண்டையும் தொறக்கணும், ரெண்டையும் பூட்டணும். அது அந்தத் தெருவுக்கே சிரிப்பு.

டாக்டர் பூட்டப் பாத்தாங்க. ஒண்ணும் கேக்கல.

கேக்காமலே அண்ணாச்சி தம்பியப் பத்தி ஆரம்பிச்சுட்டாரு. பாதித் தண்ணி ஏறும்போதே மோட்டார அமத்திருதான். செருப்ப எங்க வாசல்லதான் கழட்டிப் போடுதான். வேணும்னே ஈரத்துணியச் சரியா வண்டிக்கு மேல வர்ற மாதிரி காயப் போடுதான்.

சொல்லும்போதே ஒரு சொட்டு விழுந்துச்சு. வண்டி மேல.

அண்ணாச்சி அண்ணாந்தாரு.

"ஏலே, துணியப் பிழிஞ்சு போடத் தெரியாதா? இங்க வண்டி துருப்பிடிக்கி."

மாடியில இருந்து பதில் வந்துச்சு.

"அது வாங்கும்போதே துருவாத்தானண்ணே இருந்துச்சு."

அண்ணாச்சி முகம் கறுத்துப் போச்சு. கீழ கெடந்த சுத்தியல எடுத்தாரு. மேல எறியப் போறாரோன்னுதான் யாரும் நெனைப்பாங்க. டாக்டர் அசையல. வண்டிகிட்ட குத்த வச்சு உக்காந்து ஆணியத் தடவிப் பாத்தாங்க.

"எப்பலேருந்து இப்படி?"

"ரெண்டு வருஷமா."

"வண்டி வாங்கியே இன்னும் ஒரு வருஷம் ஆகலியே அண்ணாச்சி."



ரெண்டு வருஷம் முன்னாடி அவங்க அம்மா தவறிட்டாங்க. அண்ணாச்சிக்கு அப்ப நாக்பூர்ல வேலை. கெடச்ச பிளைட்டப் பிடிச்சு மதுரையில எறங்கி, கார் வச்சு வந்துகிட்டிருந்தாரு. வழியில இருந்து தம்பிக்கு போனும் பண்ணினாரு. வந்து சேந்தப்ப ஆத்தங்கரையில தீ எரிஞ்சுகிட்டிருந்துச்சு. அம்மாவுக்குக் கொள்ளி வைக்கிறது இளைய மகன். அது முறைதான், அதுல அண்ணாச்சிக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா முகம்? ஒரு தடவ முகத்தப் பாக்க வேணாமா?

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்னா, அண்ணாச்சியே சொன்னதுதான். டீக்கடையில சொல்லியிருக்காரு, முடிவெட்டுற கடையில சொல்லியிருக்காரு, பாதி வழியில பஞ்சர் ஆகி நின்னா அங்கயும் சொல்லுவாரு. தம்பிகிட்ட மட்டும் சொன்னதில்ல. வேலைய விட்டுட்டு ஊரோட வந்தபெறகு தம்பிகிட்ட பேசினதெல்லாம் மோட்டார், செருப்பு, துணி.

டாக்டர் எந்திரிச்சு முற்றத்தச் சுத்தி வந்தாங்க. செவுத்தோரமா கெடந்த ஒரு துண்டு இரும்புப் பைப்ப எடுத்தாங்க. அதப் பெடல் தண்டுக்கு அடியில தரையோட முட்டுக் குடுத்து நிறுத்தினாங்க.

"அடி ஆணிக்குப் போகணும். முட்டு இல்லைன்னா எல்லாம் அச்சுக்குத்தான் போகும். இத ஒருத்தர் ஆடாமப் பிடிக்கணும்."

நீங்க பிடிங்கன்னாரு அண்ணாச்சி.

"நான் மாட்டேன். நாளைக்கு இந்தக் கையால பல்லு பிடுங்கணும்."

வீட்டுல சந்தைக்குப் போயிருந்தாங்க. வேற யாரும் இல்ல. அண்ணாச்சிக்குப் புரிஞ்சுபோச்சு. அவன் வேண்டாம்னாரு. செத்தாலும் வேண்டாம்னாரு. ஆணி அங்கனயே கெடந்து மக்கட்டும், அவன் கை என் வண்டியில படக் கூடாதுன்னாரு.

டாக்டர் அண்ணாந்து, "நாயகம் அண்ணாச்சி, கொஞ்சம் கீழ வாங்க"ன்னாங்க.

தம்பி வந்தாரு. கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, அண்ணன் மூஞ்சியப் பாக்காம, டாக்டர் காட்டின எடத்துல உக்காந்து ரெண்டு கையாலயும் பைப்பப் பிடிச்சாரு. ஆணிக்கும் அவரு விரலுக்கும் நடுவுல ஒரு சாண்கூட இல்ல. அவரு தலையும் அதுக்குப் பக்கத்துலயே.

அண்ணாச்சி ஓங்கினாரு. எறங்கும்போது வேகம் போயிருச்சு. டொக்.

"கொஞ்சாதீங்க"ன்னாங்க டாக்டர்.

டொக்.

"அண்ணாச்சி, ஒரே அடி. முழு அடி. இல்லைன்னா சுத்தியலக் கீழ வைங்க."

"அவன் கை இருக்கு டாக்டரம்மா."

"கை கீழ இருக்கு. நீங்க ஆணியப் பாத்து அடிங்க."

அண்ணாச்சிக்கு மூச்சு வாங்குச்சு. டாக்டர் மேல கோவம், ஆணி மேல கோவம், அந்த நேரம் பாத்து இன்னொரு சொட்டு விழுந்துச்சு, அது மேலயும் கோவம்.

"ஏன்லே, உனக்குத் துணி காயப் போட வேற எடமே..."

"கேக்க வேண்டியது அது இல்ல"ன்னாங்க டாக்டர்.

அவ்வளவுதான் சொன்னாங்க.

அண்ணாச்சி வாய் அப்படியே நின்னுருச்சு. தம்பி தலை நிமிரல. பைப்பப் பிடிச்ச கையில மட்டும் நரம்பு பொடச்சு நின்னுச்சு.

அண்ணாச்சி சுத்தியலத் தலைக்கு மேல தூக்கினாரு.  

"கயத்தாறு தாண்டிட்டேன்னு உங்கிட்ட சொன்னேன்லா. இன்னும் அரை மணி நேரம்தான். அம்மா மொகத்த எனக்குக் காட்டாம ஏம்லே எரிச்ச?"

அடி விழுந்துச்சு.

அந்தச் சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பிச்சுருச்சு. ஆணி ஒரே மூச்சுல வெளிய வந்து, பைப்புக்குள்ள விழுந்து, கணீர்னு தரையைத் தொட்டுச்சு.

பெடல் தண்டு தானாத் தொங்குச்சு. அண்ணாச்சி சுத்தியலப் பிடிச்சபடியே நின்னாரு, எதையோ போட்டு ஒடச்சுட்டவரு மாதிரி. டாக்டர் துணியில கையத் தொடச்சுக்கிட்டாங்க. 

தம்பி ரொம்ப நேரம் பைப்ப விடல. அப்புறம் மெதுவா எந்திரிச்சாரு. கண்ணு செவந்து கெடந்துச்சு. வண்டியச் சுத்தி அந்தப் பக்கம் போய், இன்னொரு பெடலத் திருப்பி, அங்க இருக்குற ஆணிய விரலால தொட்டுப் பாத்தாரு.

கைய நீட்டினாரு.

"சுத்தியலக் குடுண்ணே. இப்ப நீ வந்து பைப்பப் பிடி."