மண் காட்டிய நடைபாவாடை

மழையை மட்டுமே நம்பிப் பயிர்செய்த முள்ளிக்காட்டுச் சீமையை வெகுகாலத்துக்கு முன்னால் திருமேனிராசன் என்றொருவர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், அழுக்கென்றால் மட்டும் ஆகாது. அவர் பாதம் மண்ணில் படாதபடி வழிநெடுக வெள்ளைத் துணி விரிப்பார்கள். அதற்கு நடைபாவாடை என்று பெயர். மிதித்த துணியை ஏவலர்கள் பின்னாலிருந்து உருவி, முன்னால் ஓடிப்போய் மறுபடி விரிப்பார்கள்.

நிலஅளவைத் தலைவர் வயிரமுடிக்கு அமைச்சர் பதவியின் மேல் வெகுநாளாக ஒரு கண். பல்லக்கை விட்டு இறங்காமலே சீமையைச் சுற்றிவந்தவர், முழுக்கக் கறுப்பு தீட்டிய படமொன்றைச் சபையில் நீட்டினார்.

"மகாராஜா, சீமை முழுக்கக் கரிசல்! எங்கும் பருத்தி போடலாம்."

ராஜாவுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "மழை விழுந்ததும் எல்லாரும் பருத்தியே விதைக்க வேண்டும். மாற்றி விதைத்தால் நிலம் பறிமுதல்!"

அமைச்சர் அனவரதம் இருக்கையை விட்டு எழுந்தார். சரளை மேட்டில் பருத்தி எங்கே தேறும்? கம்பும் வரகும் போடாவிட்டால் பாதிச் சீமை பட்டினி கிடக்கும்.

"மகாராஜா, ஓர் ஊருக்குள்ளேயே நாலு விதமான மண் இருக்கிறது."

"கண்ணால் கண்டால் நம்புகிறேன். ஆனால் என் சபைக்குள் ஒரு பிடி மண் வந்தாலும் உமது பதவி வயிரமுடிக்கு!"

முதல் மழை கொட்டியது. மறுநாள் எல்லை அய்யனாரைக் கும்பிட ராஜா நடந்தே போவது வழக்கம். அனவரதம் ஏவலர்களிடம் சொன்னது ஒன்றுதான்: "மிதித்த துணியை எடுக்காதீர்கள். புதுத் துணியாக விரித்துக்கொண்டே போங்கள்." ராஜாவுக்கோ நெய்ச்சோற்றில் வளர்ந்த உடம்பு. அவர் மிதித்த இடமெல்லாம் ஈரம் மண்ணின் நிறத்தோடு துணியில் ஊறி மேலே வந்தது.

துணியைக் காயவைத்து, நன்றாக உதறி, வரிசை மாறாமல் சபையில் தூணுக்குத் தூண் கட்டினார் அமைச்சர். கோட்டைப் பக்கம் கறுப்பு, கண்மாய் தாண்டிச் சிவப்பு, மேட்டில் மஞ்சள், அய்யனார் கோயிலருகே உவர்மண்ணின் சாம்பல் வெளுப்பு.

"சாயம் பூசியிருக்கிறார்!" என்று குதித்தார் வயிரமுடி.

"அப்படியா? ஒவ்வொரு நிறத்தின் நடுவிலும் மகாராஜாவின் பாதம் பதிந்திருக்கிறதே. அந்தப் பாதமா பொய் சொல்கிறது?"

ராஜா தூணுக்குத் தூண் நடந்து துணியைப் பார்த்தார்.

"சபைக்குள் மண்ணைக் கொண்டுவந்துவிட்டீரே, அமைச்சரே!"

"மண் வரவில்லை மகாராஜா, நிறம்தான் வந்தது. அதையும் கொண்டுவந்தது தங்கள் திருப்பாதம்."

ராஜா வாய்விட்டுச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். பருத்தி ஆணை அப்போதே ரத்தானது. அந்த ஈரத்திலேயே அவரவர் மண்ணுக்கு ஏற்றதை விதைத்தார்கள்.

"வயிரமுடி, இனி உமக்குப் பல்லக்கு கிடையாது. சீமை முழுக்க நடந்து புதுப் படம் கொண்டுவாரும்!"

அறுவடை சமயத்தில் ஒருநாள், பாதம் வெடித்து, முழங்கால் வரை புழுதியோடு வயிரமுடி சபைக்கு வந்தார். ராஜா இன்னும் தூண்களில் தொங்கிய துணியைக் காட்டி, "இந்தச் செம்மண் நிலத்தில்..." என்று ஆரம்பித்தார்.

"எந்தச் செம்மண் மகாராஜா?" என்று வயிரமுடி குறுக்கிட்டார். "கண்மாயை அடுத்த செம்மண்ணில் ஒரு முழம் தோண்டினால் பாறை. ஓடையோரத்தில் ஆளுயரத்துக்கு மண். அதெல்லாம் துணியில் தெரியாது. இறங்கித் தோண்டிப் பார்க்க வேண்டும்!"

சபை திகைத்தது. அனவரதம் மட்டும் நகர்ந்து உட்கார்ந்து, தம் பக்கத்தில் அவருக்கு இடம்விட்டார்.