படிக்காமல் குத்திய முத்திரை

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே வெண்குன்ற நாட்டை வல்லபன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ராஜா கதை என்றால் சபையிலே பொறாமை பிடித்தவன் ஒருத்தன் இருப்பானே, கடைசியில் மூக்கு உடைபடுமே, அவன் யாரென்று தேட வேண்டாம். அடியேன்தான். பெயர் அரிகண்டன்.

குடிகள் கொண்டுவரும் மனு ஓலைகளைப் படித்து ராஜாவுக்குச் சொல்வது காரியம்மையின் வேலை. படித்து முடித்ததும், 'படித்தேன், சம்மதம்' என்பதற்கு அடையாளமாக மோதிர முத்திரையை மையில் தொட்டு ஓரத்தில் குத்துவது எங்கள் வழக்கம். காரியம்மையோ ஒவ்வொரு ஓலைக்கும் கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். அதற்கப்புறம்தான் அடுத்தது. எனக்கு அந்தப் பதவிமேல் ஒரு கண். அதனால் பற்றிக்கொண்டு வரும்.

"மகாராஜா, இந்த அம்மா படித்து முடிப்பதற்குள் தங்கள் பாயசம் ஆறிப்போகிறதே! நானாயிருந்தால் அரை நாழிகையில் முடித்துவிடுவேன்" என்றேன்.

பாயசம் என்றதும் ராஜாவுக்குக் கண் பளபளத்தது. "அப்படியா! போட்டி வையுங்கள், இப்பவே!" என்றார். முந்தின நாள்தான் அரண்மனை மயில்களையெல்லாம் குளிப்பாட்டச் சொன்ன மனுஷர்.

ஆளுக்கு முப்பது ஓலை. தண்ணீரில் மிதக்கும் ஓட்டைக் கிண்ணம் மூழ்குவதற்குள் படிக்க வேண்டும். பிறகு ராஜா கேள்வி கேட்பார். ஜெயித்தவருக்குப் பதவி. "தோற்றால் அம்மா ஊரைவிட்டே போகணும்" என்று நான் ஒரு நிபந்தனை போட்டேன். அவ்வளவு நல்ல மனசு எனக்கு!

"சரி. ஆனால் எதிராளியின் ஓலைக்கட்டுக்குள் ஆளுக்கு ஓர் ஓலை செருகிக்கொள்ளலாமா?" என்று கேட்டார் காரியம்மை.

"தாராளமாக!" என்றேன். அவரை மடக்க, ராஜாவைப் புகழ்ந்து நீளமாக ஓர் ஓலை எழுதிச் செருகினேன். அவரும் ஒன்று செருகினார். அதைக் கவனிக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். போட்டி ஆரம்பித்ததும் மறந்துபோச்சு.

என் முறை ரொம்பச் சுலபம். முதல் வரி, கடைசி வரி. நடுவில் என்ன இருக்கும் என்று நானே முடிவு பண்ணிக்கொள்வேன். குத்து, குத்து, குத்து! கிண்ணம் பாதி மூழ்குமுன் முப்பதும் முடிந்தது. கிண்ணம் முழுசாக மூழ்கும்போது அங்கே பதினெட்டுதான். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

"ஆற்றூர்க்காரர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்றார் ராஜா.

"ஏரி நிரம்பிவிட்டதாம் மகாராஜா! தங்களை வாழ்த்துகிறார்கள்."

காரியம்மை அந்த ஓலையை எடுத்து நடு வரியைப் படித்தார்: "கரையில் விரிசல் விட்டுவிட்டது. பத்து நாள் தாங்காது. ஆள் அனுப்புங்கள்."

ராஜா அப்போதே ஆட்களை ஆற்றூருக்கு விரட்டினார். பிறகு காரியம்மையைக் கேட்டார். பதினெட்டு ஓலையும் தடங்கலில்லாமல் வந்தது. காணாமல்போன மாட்டுக்கு இடக்கொம்பு முறிந்திருந்தது வரைக்கும்.

"எப்படியம்மா?"

"படித்ததைக் கண்ணை மூடி எனக்கே ஒருதரம் சொல்லிப் பார்ப்பேன், மகாராஜா. சொல்ல வரவில்லையென்றால் நான் படிக்கவே இல்லை. திரும்பவும் படிப்பேன். அரிகண்டர் செருகியதையும் படித்தேன். ஒரே புகழ்ச்சியை இருபது தரம் எழுதியிருக்கிறார். நான் செருகியதை அவர் படித்தாரா?"

தேடி எடுத்தார்கள். 'இதில் முத்திரை குத்துபவர் நாளைமுதல் ஒரு மாதம் யானைக்கொட்டிலில் லத்தி அள்ளச் சம்மதிக்கிறார்.' ஓரத்தில் என் முத்திரை, அச்சு அசலாக, சிரித்துக்கொண்டிருந்தது.

காரியம்மைக்கு முத்துமாலை கிடைத்தது. பாயசம் ஆறினாலும் இனி அவசரப்படுத்த மாட்டேன் என்று ராஜா வாக்கும் கொடுத்தார். எனக்குக் கூடை கிடைத்தது.

ஒரு வாரத்தில் இடுப்பு போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு மனு எழுதினேன். ராஜாவே கொட்டிலுக்கு வந்தார், கையில் ஓலை, பின்னால் காரியம்மை.

"பதில் கொண்டுவந்தேன். குத்து!"

'அரிகண்டன் மனு ஏற்கப்பட்டது' என்று முதல் வரி. 'நீடூழி வாழ்க' என்று கடைசி வரி. ஆனந்தக் கண்ணீரோடு குத்தினேன்.

"இப்போ நடு வரியைப் படி" என்றார் ராஜா.

'இன்னும் ஒரு மாதம் சேர்த்து அள்ளுகிறேன்.'

காரியம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கூடையை வைத்துவிட்டு, கண்ணை மூடி, அந்த வரியை எனக்கே ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். பிசகாமல் வந்தது.