நீர்நாயும் துண்டுப் பீடியும்

மலையை விட்டு இறங்கி வந்த காட்டாறு ஓரிடத்தில் ஆழமாகத் தேங்கி நின்றது. அந்த இடத்துக்குக் கருங்கல் மடு என்று பெயர். மடுவின் கரையில் ஒரு வளை. அதில் சுழியன் என்ற நீர்நாய், தன் மனைவி மீனாளோடும் மூன்று குட்டிகளோடும் வாழ்ந்து வந்தது.

முக்குளிப்பதில் சுழியனை மிஞ்ச அந்த ஆற்றில் யாரும் இல்லை. அது தலையை நீருக்குள் விட்டால் சீக்கிரத்தில் மேலே வராது. கரையில் இருப்பவர்கள், "ஐயோ, போய்விட்டதோ!" என்று பதறும்போதுதான் வரும். வாயில் ஒரு பெரிய விரால் துள்ளிக்கொண்டிருக்கும்.

அதே கரையில் பசப்பன் என்ற நரியும் இருந்தது. அதற்கு மீன் என்றால் உயிர். தண்ணீர் என்றால் நடுக்கம். சுழியன் மீனோடு கரையேறுவதைத் தினமும் பார்த்து எச்சில் விழுங்கும்.

காட்டு ஓரத்தில் மனிதர்கள் விறகை எரித்துக் கரியாக்கக் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். வேலைக்கு நடுவே பீடி குடித்துவிட்டுத் துண்டுகளை அங்கேயே எறிவார்கள். பசப்பன் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தது. ஒரு கொட்டாங்குச்சியில் சாம்பலைப் போட்டு, அதற்குள் மூட்டத்துக் கங்கு ஒன்றையும் புதைத்து வைத்துக்கொண்டது.

ஒரு மழை நாள். சுழியன் நடுங்கிக்கொண்டே கரையேறியது.

"என்ன மச்சான், இப்படி வெடவெடவென்று நடுங்குகிறாய்?" என்று பசப்பன் பக்கத்தில் வந்தது. "இந்தா, ஒரே ஒரு இழுப்பு! உடம்பு கதகதவென்று ஆகிவிடும்."

"சீ! நாற்றம் தாங்கவில்லை. எனக்கு வேண்டாம்!"

"ஆண்பிள்ளை பேசுகிற பேச்சா இது? மூட்டத்து ஆட்களைப் பார். மழையிலும் பனியிலும் எப்படி நிற்கிறார்கள்! எல்லாம் இதனால்தான்."

சுழியனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு கைகளாலும் பீடியைப் பிடித்து இழுத்தது. கண்ணில் நீர் வரும் வரை இருமியது. தலை சுற்றியது. ஆனாலும் உள்ளே ஏதோ சூடு பரவியது போல இருந்தது.

மறுநாளும் பசப்பன் கூப்பிட்டது. அதற்கு மறுநாள் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. சுழியனே வந்து நின்றது.

ஐந்தாம் நாள் பசப்பன் தலையைச் சொறிந்தது. "இன்றைக்குத் துண்டு கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது மச்சான். ஒரு கெளுத்தி மீன் கொடுத்தாயானால்..."

சுழியன் கொடுத்தது. பிறகு கெளுத்தி விரால் ஆயிற்று. ஒரு விரால் இரண்டு ஆயிற்று. பசப்பனின் வயிறு பெருத்தது. வளைக்குள் குட்டிகள் அரை வயிற்றோடு படுத்தன.

"அப்பா, உங்கள் மேல் கரி வாசம் அடிக்கிறது!" என்று கடைக்குட்டி பொடிச்சி மூக்கைப் பொத்திக்கொண்டது. அதுவரை அப்பாவின் வயிற்றின் மேல்தான் அது தூங்கும். இப்போது அம்மாவிடம் போய்விட்டது.

மீனாள் கெஞ்சியது. "வேண்டாம், விட்டுவிடுங்களேன்!"

"விடலாம், விடலாம்! நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்" என்றது சுழியன்.

அந்த நாளை வரவே இல்லை.

கோடை வந்தது. மடுவில் நீர் குறைந்தது. யாரோ இரண்டு பாறைகளுக்கு நடுவே வலை கட்டியிருந்தார்கள். ஒரு கெண்டையைத் துரத்திக்கொண்டு போன பொடிச்சி அதில் மாட்டிக்கொண்டது.

"ஐயோ, என் பிள்ளை!" என்று அக்கரையிலிருந்து மீனாள் அலறியது.

பக்கத்தில் இருந்தது சுழியன்தான். ஒரே பாய்ச்சலில் முங்கியது. வலையைக் கடித்தது. ஒரு கண்ணி அறுந்தது. இன்னொன்றும் அறுந்தது. மூன்றாவதைக் கடிக்கும்போது நெஞ்சு எரிந்தது. கண் இருண்டது. எதிரே பொடிச்சி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. சுழியனால் தாங்க முடியவில்லை. வலையை விட்டுவிட்டு மேலே வந்தது. இருமல் பிடித்துக்கொண்டது. திரும்ப முங்க மூச்சு இல்லை.

நல்ல வேளையாக அங்கே ஓர் ஆமை இருந்தது. முதுகில் ஓட்டைத் தவிர வேறு சொத்து இல்லாததால் எல்லோரும் அதை ஓட்டாண்டி என்று கூப்பிடுவார்கள். சுழியனின் நெடுநாள் கூட்டாளி. ஓட்டாண்டி வலையை இழுத்துப் பிடிக்க, அக்கரையிலிருந்து நீந்தி வந்துவிட்ட மீனாள் மற்றக் கண்ணிகளைக் கடித்து அறுத்தது. பொடிச்சியைக் கரையில் கொண்டுவந்து கிடத்தினார்கள். துவண்டு கிடந்தது. மீனாள் முதுகைத் தட்டித் தட்டி நீரை வெளியேற்றியது. வெகு நேரம் கழித்துப் பொடிச்சி தும்மியது. கண்ணைத் திறந்தது.

யாரும் சுழியனை ஒரு வார்த்தை திட்டவில்லை. பொடிச்சி மட்டும் மெல்லக் கேட்டது: "அப்பா, ஏன் என்னை விட்டுவிட்டு மேலே போனீர்கள்?"

சுழியன் மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் சுழியன் எல்லோர் முன்னிலையிலும் சொன்னது: "இனி அந்தப் பாழாய்ப்போன பீடியைத் தொடவே மாட்டேன்!"

"நல்லது. நாங்கள் ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்டது ஓட்டாண்டி.

"எதற்கு? முழ நீள விராலையே விரட்டிப் பிடிக்கிறவன் நான். ஒரு விரல்கூட இல்லாத பீடித்துண்டு என்னை என்ன செய்துவிடும்?"

முதல் நாள் எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாம் நாள் தலை இடித்தது. கை எதையோ தேடியது. குட்டிகள் சிரித்தால் எரிச்சல். அழுதால் அதைவிட எரிச்சல். மூன்றாம் நாள் வெயில் சாய்ந்ததும் கால்கள் தாமாகவே கரிமூட்டத்துப் பக்கம் நடந்தன.

'இதுதான் கடைசி' என்று சொல்லிக்கொண்டே, பசப்பன் நீட்டிய துண்டை வாங்கிச் சுழியன் இழுத்தது. திரும்பும்போது, வாசம் தெரியாமலிருக்கக் கரையில் இருந்த துளசியைப் பறித்து மென்றது.

"துளசி எப்போதிலிருந்து தின்கிறீர்கள்?" என்று கேட்டது மீனாள்.

"வயிறு சரியில்லை."

மீனாள் குட்டிகளை வளையின் அடுத்த கோடிக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது.

அந்த வாரம் முழுவதும் சுழியனுக்கு வயிறு சரியில்லை! துளசிச் செடி மொட்டையாகிவிட்டது.

மடுவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மருதக் கிளையில் நீலாயி என்ற மீன்கொத்தி இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அதற்குத் தெரியாது. "அண்ணே! அந்தச் செடியை விட்டுவிடுங்கள், பாவம்! ஊருக்கே தெரியும்!" என்று கத்தியது.

சுழியன் கூனிக் குறுகிப்போயிற்று. நேரே வளைக்குப் போய் மீனாள் முன் உட்கார்ந்தது.

"பொய் சொன்னேன், மீனாள். தினமும் போகிறேன். விட வேண்டும் என்றுதான் இருக்கிறது. என்னால் தனியாக முடியவில்லை."

"தனியாக விடச் சொன்னது யார்?" என்றது மீனாள்.

அன்றே ஓட்டாண்டியும் நீலாயியும் வளை வாசலுக்கு வந்தார்கள்.

"எப்போது ரொம்ப இழுக்கிறது?" என்று கேட்டது ஓட்டாண்டி.

"வெயில் சாயும்போது. சாப்பிட்டு முடித்ததும். மழை வாடை அடித்தால் சொல்லவே வேண்டாம்."

"வெயில் சாயும் நேரத்தை என்னிடம் விட்டுவிடுங்கள்! பேசியே ஓட்டிவிடுகிறேன்" என்றது நீலாயி.

"மற்ற நேரத்தில் ஆசை வந்தால் என்னோடு முங்கு. தண்ணீருக்குள் பீடி பற்றாது" என்றது ஓட்டாண்டி.

"மேலே வந்ததும் மறுபடி ஆசை வந்தால்?"

"மறுபடி முங்கு."

"எத்தனை தடவை?"

"அது போகிற வரைக்கும். எனக்கு அவசர வேலை ஒன்றும் இல்லை."

மீனாள் சொன்னது: "கோபம் வந்தால் குட்டிகள் மேல் காட்டாதீர்கள். என்னிடம் காட்டுங்கள். ஆனால் அதையும் இரண்டு வாரம்தான் பொறுப்பேன். பிறகு கடித்துவிடுவேன்!"

பல நாளைக்குப் பிறகு சுழியன் சிரித்தது.

நாட்கள் நகர்ந்தன. எளிதாக ஒன்றும் இல்லை. நீலாயி பேசிய பேச்சில் ஒருநாள் சுழியனுக்குக் காதே வலித்தது. ஓட்டாண்டியோடு ஒரே பொழுதில் பதினெட்டுத் தடவை முங்கிய நாளும் உண்டு. ஒன்பதாம் நாள், நீலாயி இரை தேடிப் போன நேரத்தில், சுழியன் நழுவிப் போய் ஒரு இழுப்பு இழுத்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை துளசி தின்னவில்லை. நேரே ஓட்டாண்டியிடம் வந்தது.

"தவறிவிட்டேன். எல்லாம் போயிற்று!"

"எல்லாம் எப்படிப் போகும்? எட்டு நாள் இருந்தாயே, அது உன்னுடையதுதான். நாளைக்கு மறுபடி ஆரம்பிப்போம். வா, முங்கலாம்."

அதற்குப் பிறகு சுழியன் போகவில்லை. பத்து நாள் ஆயிற்று. இருபது நாள் ஆயிற்று. பசப்பனின் வயிறு ஒட்டியது. புதருக்குள் மறைந்திருந்து நேரம் பார்த்தது.

ஒரு காலை. வானம் மூடிக்கொண்டு வந்தது. மீனாள் குட்டிகளோடு ஆற்றின் மேல்புறம் போயிருந்தது. நீலாயி கூட்டில் இருந்தது. ஓட்டாண்டி தூரத்து மணல்திட்டில் உறங்கியது. சுழியன் மட்டும் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தது. குளிர்ந்த காற்றில் மழை வாடை வந்தது. கூடவே பழைய ஆசையும் வந்தது.

"மச்சான்!" என்று குழைந்துகொண்டே பசப்பன் வந்தது. கையில் கொட்டாங்குச்சி. "உன்னைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! பார், பாதிகூடக் குடிக்காத பீடி. உனக்காகவே எடுத்து வைத்தேன். மீன்கூட வேண்டாம். பழகின பழக்கத்துக்குத் தருகிறேன்!"

பீடியைக் கங்கில் வைத்து ஊதியது. நுனி சிவந்தது. புகை சுழியனின் மூக்கில் ஏறியது. வாய் ஊறியது. சுற்றும் முற்றும் பார்த்தது. யாரும் இல்லை. இழுத்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கை பாதி தூரம் நீண்டுவிட்டது.

"இரு, ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லிச் சுழியன் நீரில் பாய்ந்தது.

அடியில் போய் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டது. 'வேண்டாம், வேண்டாம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டது. மூச்சு முட்டியதும் மேலே வந்தது. ஆசை போகவில்லை.

"வா, வா, சீக்கிரம்!" என்றது பசப்பன்.

"இன்னும் ஒரு முழுக்கு!"

மறுபடி வந்தது. ஆசை கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் இருந்தது.

"இன்னும் ஒன்று!"

மூன்றாம் முறை, நான்காம் முறை. கங்கு சாம்பலாகிவிட்டது. பீடியின் நுனியில் ஒரு பொட்டு நெருப்புதான் மிச்சம்.

"அணையப் போகிறது மச்சான்! ஓடி வா!" என்று பசப்பன் கரையில் குதித்தது.

"அணையாமல் நீயே ஒரு இழுப்பு இழுத்து வையேன்" என்றது சுழியன்.

"நானா? எனக்கென்ன பைத்தியமா? நான் ஓடிப் பிழைக்கிறவன். மூச்சுப் போனால் என் பிழைப்பு என்ன ஆவது?"

சொன்ன பிறகுதான் பசப்பனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

சுழியன் நீரில் அசையாமல் நின்றது. "இத்தனை நாளும் உனக்குத் தெரியும்" என்றது மெதுவாக. "நீ ஓடிப் பிழைக்கிறாய், நான் முங்கிப் பிழைக்கிறேன். எனக்கும் மூச்சு வேண்டும் பசப்பா. என் பிள்ளைக்கும் என் மூச்சு வேண்டும். எடுத்துக்கொண்டு போ!"

பீடி அணைந்தது. பசப்பன் கொட்டாங்குச்சியைக் கவ்விக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தது. அன்று முதல் அது வயல் பக்கம் நண்டு பிடிக்கப் போயிற்று. உதட்டில் கடி வாங்கி வாங்கித்தான் வயிற்றைக் கழுவ வேண்டியிருந்தது.

மதியம் மீனாள் திரும்பி வந்தது. சுழியன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னது. மீனாள் அதன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தது.

"மீன் வாடை" என்றது. கண் கலங்கியிருந்தது. "நல்ல மீன் வாடை!"

சுழியனுக்குப் பழைய மூச்சு உடனே திரும்பிவிடவில்லை. அடுத்த மழைக்காலம் முடியும்போதுதான் மடுவின் அடி வரை போய் வர முடிந்தது. அப்போதும் எப்போதாவது பழைய ஆசை தலை நீட்டும். அப்போதெல்லாம் அது வெட்கப்படாமல் ஓட்டாண்டியைத் தேடிப் போய், "முங்கலாமா?" என்று கேட்கும். இரண்டும் சேர்ந்து முங்கும்.

கெட்ட பழக்கத்தை விட்டொழிக்க மன உறுதி வேண்டும். அந்த உறுதி தளரும் நேரத்தில், நம்மை நேசிக்கிறவர்களிடம் கை நீட்டி உதவி கேட்க வெட்கப்படக் கூடாது.