துக்க வீட்டுக்குப் போன மடிக்கணினி

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சென்னையிலிருந்து ஒரு மடிக்கணினி துக்க வீட்டுக்கு வந்து இறங்கியது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவள் கோமதி. இறந்து போனவர் அவளுடைய பெரியப்பா கொம்பையா. ஊர், சங்கரன்கோவிலுக்கு மேற்கே, பஸ் அதற்குமேல் போக வழியில்லாமல் திரும்புகிற இடம்.

கொம்பையாவுக்கு ஒரே மகள், செண்பகம். குவைத்தில் நர்ஸ். வியாழக்கிழமைக்கு முன்னால் அவளுக்கு விமானம் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஊர் சொல்லிவிட்டது. எடுப்பதற்கு முன் முகத்தை மூடுவார்கள். மூடுவதற்கு முன், கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ள ஒரு குரல் கொடுப்பார்கள். செண்பகம் கேட்டது அந்த ஒரு பார்வையைத்தான்.

"மூடுததுக்கு முன்னால அப்பா மொகத்த எனக்குக் காட்டிரு கோமு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்று முந்தின ராத்திரியே போனில் அழுதிருந்தாள்.

மடிக்கணினிக்கு இது பெரிய காரியமாகவே தோன்றவில்லை. சென்னையில் மூடியைத் திறந்தால் போதும், இணையம் குழாய்த் தண்ணீர் மாதிரி வந்துவிடும். எங்கிருந்து வருகிறது, யார் கொடுக்கிறார்கள் என்று அது ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே பெறுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் வருவதில்லை.

இங்கே கண்ணைத் திறந்து சுற்றுமுற்றும் தேடியது. ஒன்றும் இல்லை.

"இந்த வீட்டில் வைஃபை யார்?" என்று கேட்டது.

அணைத்து வைத்திருந்த டிவிதான் பதில் சொன்னது. "அப்படி யாரும் இங்கே குடியிருக்கவில்லை. எனக்கு மாடியில் ஒரு தட்டு உண்டு. அதில் வரும், போகாது. பார்க்கலாம், காட்ட முடியாது."

கோமதியின் போன் பாதி வழியிலேயே டவரைத் தொலைத்துவிட்டு ஊமையாகக் கிடந்தது. மடிக்கணினி முதல் தடவையாகக் கலங்கியது. அப்போது ஜன்னலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்னிடம் கொஞ்சம் இருக்கிறது."

அது கொம்பையாவின் போன். கிணற்றடியில் விழுந்து கேமரா போய்விட்டது. முகத்தில் குறுக்கே ஒரு விரிசல். பிரிந்துவிடாமல் இருக்க ஒரு ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"உன்னிடமா?" என்றது மடிக்கணினி.

"இந்த ஊரில் எங்கள் கம்பெனி டவர் ஒன்றுதான் எடுக்கும். அதுவும் இந்த ஜன்னலில்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. எனக்குக் கண் இல்லை, உனக்கு இருக்கிறது. வழி நான் தருகிறேன், நீ காட்டு."

"ஒரு நாளைக்கே அவ்வளவுதானா? யானைப் பசிக்குச் சோளப்பொரி."

"ஒரு முகத்தைக் காட்ட அது தாராளம்" என்றது போன்.

கோமதி பெரியம்மாவிடம் போய் நின்றாள். "பெரியம்மா, பெரியப்பா போன எடுத்துக்கிடட்டுமா? அது வழியாத்தான் அக்காவுக்குக் காட்ட முடியும்."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாள் நிமிரவில்லை. "எடுத்துக்கோ தாயி. அவ ஒரு தடவ பாத்துட்டான்னா போதும்."

போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, மடிக்கணினியை அதோடு இணைத்து, செண்பகத்தைக் கூப்பிட்டாள் கோமதி. திரையில் அக்காவின் வீங்கிய முகம் தெளிவாக வந்தது. "நேரத்துக்குக் கூப்பிடுதேன்க்கா, போனு பக்கத்துலயே இரி" என்று சொல்லி நிறுத்தினாள். மறுபடியும் இணைக்க நேரமாகிவிடுமோ என்ற பயத்தில் ஹாட்ஸ்பாட்டை அணைக்காமல், மடிக்கணினியை மூடாமல், பெரியப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கப் போகிற சனத்தோடு கிளம்பிப் போனாள். அவள் நினைத்தது நல்லதுதான்.

மடிக்கணினி தனியாக இருந்தது. வழி திறந்து கிடந்தது. சும்மா இருப்பானேன் என்று தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டிருந்த புதுப்பித்தல்களை ஒவ்வொன்றாக இறக்கியது. அது போதாதென்று, கோமதி போன மாதம் எடுத்த கல்யாணப் படங்களையெல்லாம் எங்கோ இருக்கிற இணையச் சேமிப்புக் கிட்டங்கிக்கு ஏற்றியது.

"என்ன செய்கிறாய்? எனக்கு உடம்பு கொதிக்கிறது" என்றது போன்.

"என்னைச் சரிசெய்துகொள்கிறேன். இவ்வளவு பெரிய பொறுப்பு. பழைய கோலத்தோடு போய் நிற்கச் சொல்கிறாயா?"

"இருக்கிற கோலமே போதும். அவள் உன்னைப் பார்க்க வரவில்லை."

"இன்னும் கொஞ்சம்தான்" என்றது மடிக்கணினி. அரைமணி கழித்தும் அதையே சொன்னது. திறந்த கதவைச் சாத்திக்கொள்ளப் போனுக்குக் கை கிடையாது. கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

இரண்டரை மணிக்குக் குளிப்பாட்டிக் கோடித் துணி உடுத்தி அந்த ஜன்னலடியில் கிடத்தியாகிவிட்டது. ஈரச் சேலையோடு ஓடிவந்த கோமதி செண்பகத்தைக் கூப்பிட்டாள். அக்காவின் நெற்றி மட்டும் திரையில் வந்து அப்படியே நின்றது. அப்புறம் அதுவும் போய், ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. இன்றைய அளவு தீர்ந்துவிட்டது என்று போனில் ஒரு செய்தி வந்து கிடந்தது.

கூடுதல் டேட்டா போடப் பார்த்தாள். பணம் கட்டுகிற பக்கமும் திறக்காமல் சுற்றியது. அதே கம்பெனி சிம் வைத்திருந்த ஊர்க்காரர்களில் இணையம் உள்ள போன் மாடசாமியிடம் மட்டும்தான் இருந்தது. அவர் விறகு அடுக்க முன்னாலேயே சுடுகாட்டுக்குப் போயிருந்தார்.

"நேரமாச்சு தாயி. மூணுக்குள்ள தெருவத் தாண்டணும்" என்றார் உச்சிமாகாளி. ஆவுடையம்மாளுக்கு அண்ணன். அவர்தான் முன்னின்று நடத்துகிறவர். வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மொகம் பாக்கிறவங்க பாத்துக்கிடுங்க!"

பெண்கள் அலறிக்கொண்டு எழுந்தார்கள்.

"இன்னும் ஒரு வாய் கொடு. ஒரே ஒரு வாய். முகத்தை மட்டும் காட்டிவிடுகிறேன்" என்று மடிக்கணினி கெஞ்சியது.

"இருந்ததெல்லாம் உன்னிடம்தான் இருக்கிறது" என்றது போன்.

கோமதி திரையை வெறித்துக்கொண்டு நின்றாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அந்த நேரத்தில் போன் மணி அடித்தது. குவைத்திலிருந்து, இணையம் வழியாக இல்லாமல், சாதாரண அழைப்பு.

"அக்கா, காட்ட முடியலக்கா. நெட்டு தீந்துட்டு. எந் தப்புதான்க்கா." கோமதி அழுதாள்.

செண்பகம் கேட்டாள்: "மூடிட்டாவளா?"

"இன்னும் இல்ல."

"அப்பா காதுல வையி."

கோமதி திரும்பிப் பார்த்தாள். துணியைக் கையில் பிடித்து நின்ற உச்சிமாகாளி அதைக் கேட்டுவிட்டார். மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

"வையி தாயி" என்றார். "பெத்த பிள்ளய விடவா ராகுகாலம்?"

ஆவுடையம்மாள் போனை வாங்கினாள். கணவனின் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைக் காதோரம் மெல்ல விலக்கி, போனை அங்கே வைத்துப் பிடித்துக்கொண்டாள். அழுகை அடங்கியது. வாசலில் சங்கு ஊதுகிறவன் சங்கைக் கீழே இறக்கினான். செண்பகம் பேசி முடிக்கும்வரை வீட்டில் யாரும் அசையவில்லை. என்ன பேசினாள் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை.

பிறகு முகத்தை மூடித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். மடிக்கணினி ஈரத்தரைக்குப் பயந்து கட்டில்மேல் கிடந்தது. புதுப்பித்தல் நல்லபடியாக முடிந்தது என்று அதன் திரையில் எழுதியிருந்தது. பார்க்க ஆளில்லை. பக்கத்தில் போனும் கிடந்தது.

வெகுநேரம் கழித்து மடிக்கணினி கேட்டது: "அவள் என்ன சொன்னாள்?"

"தெரியாது."

"உன் வழியாகத்தானே போனது?"

"என் வழியாகத்தான் போனது" என்றது போன். "நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை."