தேயாத இடது செருப்பு

“நான் யார்ங்கறதுக்கு என்கிட்ட ரெண்டு விடை இருக்கும்மா. ரெண்டும் என் கையெழுத்துலதான் இருக்கு. எது சரின்னு சொல்லிடுங்க, நான் போயிடறேன்.”

மாசிலாமணி இப்படித்தான் ஆரம்பித்தார். வந்த மனிதர் உட்காரக்கூட இல்லை.

அங்காயி தலை நிமிரவில்லை. யாரோ கழற்றிவிட்டுப்போன ஒரு ஜோடிச் செருப்பை வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தாள்.

“தண்ணி குடிக்கிறீங்களாங்கய்யா?” என்றாள்.

வெள்ளைக்கரட்டு மலையின் அடிவாரத்தில், மேலே கோயிலுக்கு ஏறுகிறவர்களின் செருப்பை வாங்கி வைக்கும் தகரக் கொட்டகைதான் அவள் இடம். யாரோ ஒரு பக்தர் ‘ஞானாசிரமம்’ என்று பலகை எழுதிக் கொடுத்தார். பானைக்கு மூடி இல்லாமல் இருந்தது, அந்தப் பலகை அதற்குச் சரியாக இருந்தது. ஆனாலும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து அவளிடம் கேள்வி கேட்டார்கள். அவளுக்கு நாற்பத்துநாலு வயது. கேட்க வந்திருக்கும் இவருக்கு அறுபத்தொன்று.

மாசிலாமணி தண்ணீரைக் குடித்தார். பிறகு பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார்.

“நான் மனோதத்துவக்காரன். நூற்றிருபது கேள்வி வச்சு ஆளோட குணத்தை அளக்கறது என் வேலை. முப்பத்தோரு வருஷம் அளந்திருக்கேன். வேலைக்கு எடுக்கறதுக்கு, பதவி உயர்வுக்கு, எல்லாத்துக்கும் என் தாள்தான்.”

“செரிங்க.”

“ரிடையர் ஆன அன்னைக்கு ஆபீஸ்ல விழா எடுத்தாங்க. ஒவ்வொருத்தரா மைக்கைப் பிடிச்சாங்க. மாசிலாமணி சார் முகம் சுளிச்சு நாங்க பார்த்ததே இல்லை, அவர் சிரிச்சாலே எங்களுக்குப் பாதி பாரம் குறையும்னாங்க. ஒரு பொண்ணு அழுதே போச்சு.”

“நல்லதுதானுங்களே.”

“முன் வரிசையில என் மக உட்கார்ந்திருந்தா. நறுமுகைன்னு பேரு. வெளிய வந்ததும் கேட்டா, ‘யாரு அந்த ஆளு? ஒருநாளாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?’”

அங்காயியின் கை நின்றது. பிறகு மறுபடி நாரை முடிச்சுப் போட்டது.

“வீட்டுல நான் பேசமாட்டேன். பேசினா எரிஞ்சு விழுவேன். அவ கல்யாணம் ஆகிப் போற வரைக்கும் நான் சிரிச்சு அவ பார்த்ததில்லை. இப்ப குழந்தை பொறந்திருக்கு. புதன்கிழமை பேர் வைக்கிறாங்க. ‘அந்த ஆபீஸ் மாசிலாமணி வர்றதா இருந்தா வரட்டும், வீட்டு மாசிலாமணி வரவேண்டாம்’னு சொல்லிட்டா.”

“அந்தத் தாளு?”

“என் கேள்விகளுக்கு நானே பதில் எழுதினேன். ஆபீஸை நினைச்சு ஒருதரம், வீட்டை நினைச்சு ஒருதரம். ரெண்டும் வேற வேற ஆளும்மா. இந்த ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில உட்கார வைக்காதீங்கன்னு நானே சிபாரிசு பண்ணுவேன்.”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். பாதியிலேயே அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

அங்கே வருவதற்குமுன் அவர் தன் தொழிலில் பெரிய ஆட்கள் மூன்று பேரைப் பார்த்துவிட்டார். ஒருவர், “எல்லாம் ஆறு வயசுக்குள் முடிவாகிவிட்டது, உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார். இன்னொருவர், “உள்ளே என்று ஒருவரும் கிடையாது சார், இடம்தான் ஆளை ஆட்டுகிறது, நாற்காலியை மாற்றினால் குணம் மாறும்” என்றார். மூன்றாமவர் இளைஞர். “நீங்கள் சொல்லிக்கொள்ளும் கதைதான் நீங்கள், வேறு மாதிரி சொல்லிப் பாருங்கள்” என்றார். மூன்றிலும் உண்மை இருந்தது. மூன்றில் ஒன்றையும் தூக்கிக்கொண்டு பேர் வைக்கும் வீட்டுக்குப் போகமுடியவில்லை.

“எது நெசமான நான்னு தெரிஞ்சா போதும். நெசமானவனை அனுப்பிடுவேன். அது வீட்டு ஆளுன்னா போகாமலே இருந்துடறேன். எனக்கு ரொம்ப…”



“செருப்பைக் கழட்டிக் குடுங்க,” என்றாள் அங்காயி.

கொடுத்தார். அதையும் வாழைநாரால் கட்டி மூலையில் வைத்தாள். அன்று அவ்வளவுதான் நடந்தது.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாள் அவர் கொஞ்சம் கோபப்பட்டார்.

“புதன்கிழமைக்கு மூணே நாள்தான் இருக்கும்மா.”

“ஆமாங்க. இன்னைக்கு கிருத்திகை, கூட்டம் வரும். நான் மேல போயி உச்சிப் பூசை பார்த்துட்டு வர்றேன். கொட்டகையை நீங்க பார்த்துக்குங்க.”

“என்ன செய்யணும்?”

“குடுத்தா வாங்கோணும். சோடி சேர்த்து நாரு கட்டோணும். கேட்டா குடுக்கோணும்.”

“டோக்கன்?”

“அதெல்லாம் இல்லீங்க.”

அவள் ஏறிப் போய்விட்டாள்.

பத்து மணிக்குள் எண்பத்து மூன்று ஜோடி சேர்ந்துவிட்டது. சொன்னபடி வாங்கினார், சொன்னபடி கட்டினார். பிறகு கூட்டம் ஓய்ந்தது. எல்லோரும் மேலே போய்விட்டார்கள். பூஜை முடிந்து அன்னதானமும் சாப்பிட்டுத்தான் இறங்குவார்கள்.

மாசிலாமணி சும்மா உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுக்க ஆளை அளந்த கை சும்மா இருக்குமா? கவிழ்ந்து கிடந்த ஒரு செருப்பின் அடிப்பாகம் கண்ணில் பட்டது. குதிகால் பக்கம் வழித்தெடுத்த மாதிரி தேய்ந்திருந்தது.

‘அழுத்தக்காரன்’ என்று நினைத்தார். பக்கத்தில் இருந்ததைப் பார்த்தார். விரல் பக்கம் தேய்ந்திருந்தது. ‘இது அவசரக்காரி.’

மூன்று நாளில் முதல்முறையாக அவருக்கு அலுப்பு கொஞ்சம் விட்டது.

செய்வதைத் திருந்தச் செய்கிற மனிதர் அவர். ஜோடியாக வைத்துப் பார்த்தால் ஒன்றைப் பார்த்து எழுதும் முடிவு மற்றதைக் கெடுத்துவிடும். ஆராய்ச்சியில் அது பெரிய தப்பு. எனவே எல்லா நாரையும் அவிழ்த்தார். மூலையில் கிடந்தவற்றையும் விடவில்லை. அத்தனையையும் கவிழ்த்துப் போட்டு, சோழி மாதிரி கலக்கினார். ஒவ்வொரு செருப்பாக எடுத்து, அடியை மட்டும் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் குணம் எழுதிச் செருகினார். தரையில் சாக்பீஸால் நாலு கட்டம் போட்டார். அழுத்தக்காரர். அவசரக்காரர். தயங்குகிறவர். இணங்கிப்போகிறவர்.

ஒன்றரை மணிக்கு வேலை முடிந்தது. நாலு குவியலும் அழகாக இருந்தன. கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, என்ற செருப்பு?” என்றாள் முதலில் வந்த பெண்.

மாசிலாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் தொழில் விடவில்லை.

“நீங்க எதுலயும் அவசரப்படறவங்களாம்மா?”

“ஆமாங்க. ரெண்டு மணி பஸ்சை விட்டா அஞ்சுக்குத்தான்.”

அவசரக்காரர் குவியலைக் காட்டினார். அவள் குடைந்து ஒன்றை எடுத்தாள். மற்றது அதில் இல்லை. பஸ் ஹார்ன் அடித்தது, போய்விட்டது. அவளுடைய இன்னொரு செருப்பு தயங்குகிறவர் குவியலில் இருந்தது.

அதற்குப்பின் நடந்ததை விரிவாகச் சொன்னால் அவருக்கு மரியாதையாக இருக்காது. நாலு குவியலிலும் ஆட்கள் விழுந்து தேடினார்கள். ஒரு டிராக்டர்காரர் இரண்டு கையிலும் ஒவ்வொரு செருப்பைத் தூக்கிக் காட்டி, “இதுல ‘இணங்கிப்போகிறவர்’னு எழுதியிருக்குது, அதுல ‘அழுத்தக்காரர்’னு எழுதியிருக்குது. ரெண்டும் என்றதுதானுங்க. எந்தப் பாவி வேலைங்க இது?” என்று கேட்டார். அவர் மனைவி மட்டும் சீட்டுகளை வாங்கிப் பார்த்து, இரண்டும் சரிதான் என்று மடியில் முடிந்துகொண்டாள்.

மாசிலாமணி குனிந்து குனிந்து எடுத்துக் கொடுத்தார். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார், சிரித்துக்கொண்டே கேட்டார். திட்டியவர்களும் போகும்போது, “போச்சாது உடுங்க, தங்கமான மனுசன்” என்று சொல்லிப் போனார்கள். ஒருவர் மிச்சமிருந்த பொட்டுக்கடலையைக் கொடுத்தார்.

கடைசி ஆளும் போனபின் அந்தச் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் தானாக நின்றது. பிறகு அதுவும் போயிற்று. தரையில் உட்கார்ந்து இடது கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

அங்காயி இறங்கி வந்தாள். கட்டங்களையும், நார்க்குப்பையையும், அவரையும் பார்த்தாள்.

“தப்புப் பண்ணிட்டேன்மா,” என்றார் மாசிலாமணி. “எல்லாரும் எடுத்துட்டாங்க. இந்த ரெண்டுதான் மிச்சம். இதுவும் ஒரே ஜோடி மாதிரித் தெரியலை. தனித்தனிக் குவியல்ல கவிழ்ந்து கிடந்துச்சு.”

“சீட்டைப் படிங்க.”

இடதை எடுத்தார். “‘இணங்கிப்போகிறவர். மெதுவாக அடி வைக்கிறார். யாருக்கும் பாரமாக இருக்க விரும்பமாட்டார்.’”

“அது?”

வலதை எடுத்தார். குதிகாலில் தோல் போய்க் கீழ் அட்டை தெரிந்தது. “‘அழுத்தக்காரர். முரட்டுச் சுபாவம். இவரோடு வாழ்வது கஷ்டம்.’”

“இப்பத் திருப்புங்க.”

திருப்பினார். பழுப்புத் தோல் வார், பித்தளைப் பூட்டு. நாலு வருஷமாக அவர் காலில் கிடந்த செருப்புதான். மேல் பக்கம்தான் அவருக்குப் பழக்கம். தன் செருப்பின் அடியை யார் பார்த்திருக்கிறார்கள்?

இரண்டையும் சேர்த்துத் தரையில் வைத்தார்.

“சரி. ரெண்டும் நான்தான்,” என்றார் கடைசியில். குரலில் வெறுப்பு இருந்தது. “இதைச் சொல்லத்தான் மூணு நாள் காக்க வச்சீங்களா? இது எனக்கு ரயில்ல வரும்போதே தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது? ரெண்டு பேரையும் அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகமுடியாது.”

“நான் எதுவும் சொல்லலீங்களே,” என்றாள் அங்காயி. அவர் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள். “அந்தக் கணுக்கால்ல என்னங்க?”

“இதுவா? ஒண்ணுமில்லை.”

“பிடிச்சுக்கிட்டே இருக்கறீங்க.”

“இருபத்திரண்டு வயசுல சைக்கிள்ல விழுந்தேன். எலும்பு சரியாக் கூடலை. ஊனினா வலிக்கும். அதனால அந்தப் பக்கம் பாரம் போடமாட்டேன்.”

“இப்பவுமா?”

“எப்பவும்தான்.”

“நாப்பது வருசமா?”

“பழகிப்போச்சு. நடையில தெரியாது. யாருக்குமே தெரியாது.”

“வீட்டுல?”

“எதுக்குச் சொல்லணும்? காலையில பொறுத்துக்கிட்டுப் போயிடுவேன். சாயந்தரம் வீட்டுக்கு வர்றப்ப நிக்கமுடியாது. நேரா நாற்காலியில போய் உட்கார்ந்துடுவேன். அப்ப நறுமுகை சின்னப் பொண்ணு, மடியில ஏற வருவா…”



அங்காயி இரண்டு செருப்பையும் கவிழ்த்து அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். தேயாத இடதின்மேல் விரலை வைத்தாள்.

“இது தேயாம இருக்கறதுக்கு,” என்றாள். விரலை வலதுக்கு நகர்த்தினாள். “இது தேஞ்சிருக்குதுங்க.”

பிறகு எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்துக் கட்டங்களை அழிக்க ஆரம்பித்தாள்.

மாசிலாமணி அந்த இரண்டு அடிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் கொட்டகையின் தகரத்திலிருந்து இறங்கி அவர் முழங்கால்வரை வந்தது. பையிலிருந்த இரண்டு தாள்களையும் எடுத்தார். கிழிக்கவில்லை. கிழிக்கக்கூட அலுப்பாக இருந்தது. பானைக்கு அடியில் ஈரம் உறிஞ்சப் போட்டார்.

அப்புறம் போனை எடுத்தார்.

நாலைந்து தடவை அடித்தபின் நறுமுகை எடுத்தாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம்.

“சொல்லுங்க,” என்றாள். அப்பா என்று அவள் கூப்பிட்டு நாளாகிவிட்டது.

“முகை.”

“சொல்லுங்க. புதன்கிழமை யார் வர்றது? முடிவு பண்ணிட்டீங்களா?”

ஆபீஸ் குரல் தொண்டைவரை வந்தது. வேடிக்கையாக ஒன்று சொன்னால் அவள் சிரித்துவிடுவாள், அது அவருக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக் குரலும் வந்தது. ‘இஷ்டமிருந்தா கூப்பிடு, இல்லாட்டி விடு.’ அதைச் சொல்லிப் போனை வைப்பதும் சுலபம்தான்.

அங்காயி பெருக்குகிற சத்தம் நின்றிருந்தது.

“கால் வலிக்குதும்மா,” என்றார் மாசிலாமணி.

“என்னது?”

“கால் வலிக்குது. ரொம்ப நாளா வலிக்குது. நிக்கவே முடியலை.”

அந்தப் பக்கம் குழந்தையை யாரிடமோ கொடுப்பது கேட்டது. கதவு சாத்துவது கேட்டது.

“எங்க இருக்கீங்கப்பா?” என்றாள் நறுமுகை.